திருவாதிரை வெடித்த வருஷம்

தெற்கு வானத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துவிட்டது என்று 1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வானொலியில் சொன்னார்கள். பத்திரிகையிலும் எழுதினார்கள். வெறும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இப்படி ஒன்று நடந்து பல நூறு வருஷமாயிற்றாம். உலகத்தில் படித்தவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஈஜோக் ஊருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் எங்கள் வீடு. அப்பா தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். நான் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். விடிவதற்கு முன்பே பேக்டரி பஸ் வந்துவிடும். இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்போது எங்கள் கோயில் பூசாரிகூட ‘எப்போது?’ என்று கேட்டுவிட்டுத்தான் விபூதி தருவார். எனக்குக் கோயிலுக்குப் போகவே பிடிக்காமல் போனதற்குக் கடவுள் காரணம் இல்லை.

அதற்கு முன் இரண்டு இடம் வந்து போயிருந்தன. இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் ஆறப் போடலாம் என்றார்கள். ஆறப் போட்டது ஆறிப் போய், பழையதும் ஆகிவிட்டது. மூன்றாவதாக வந்தது கோலசிலாங்கூர் பக்கத்து இடம். மாப்பிள்ளை செம்பனை ஆலையில் பாய்லர் பார்ப்பவர். அவருக்கு அப்பா இல்லை. அம்மாவும், அவர்கள் வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்கிற தாய்மாமனும் இருந்தார்கள். தை மாதத்தில் நிச்சயம் செய்து, வைகாசியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

நிச்சயம் ஆன பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் வந்தால் ஒரு காரணம் இருக்க வேண்டும். இவருக்கு நண்டு காரணமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மோட்டார் சைக்கிளில் ஒரு பை நண்டோடு வந்து இறங்குவார். எங்கள் வீட்டில் யாருக்கும் நண்டு அவ்வளவு பிடிக்காது. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனமும் வரவில்லை.

நட்சத்திரச் செய்தி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நண்டோடு ஒரு பிரசங்கத்தையும் கொண்டுவந்தார். ஊர் நூலகத்தில் போய் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் புரட்டியிருக்கிறார். கூடத்தில் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு தொடங்கினார். குரல் மட்டும் சமையலறைவரை வந்தது. யாருக்காகப் பேசுகிறார் என்று அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் பாய்லர்தான். நட்சத்திரமும் பாய்லர் மாதிரிதான் என்றார். வெளியே இருந்து அதன் எடையே அதை உள்ளே அமுக்குகிறது. உள்ளே எரிகிற நெருப்பு அதை வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை நட்சத்திரம் நிற்கும். நம் சூரியன் மாதிரிச் சின்ன நட்சத்திரங்கள் நிதானமாக எரிந்து நிதானமாக அடங்கிவிடும். பெரிய நட்சத்திரத்துக்கு நிதானம் கிடையாது. ஹைட்ரஜனை எரித்து ஹீலியம் ஆக்கும். ஹீலியத்தை எரித்துக் கரி ஆக்கும். ஒன்று தீர்ந்தால், போன தடவை மிஞ்சிய சாம்பலையே எடுத்து அடுப்பில் போட்டு எரிக்கும். ஒவ்வொரு தடவையும் சூடு கூடும், எரிகிற காலம் குறையும். முதல் எரிப்புக்கு லட்சக்கணக்கான வருஷம் என்றால் கடைசி எரிப்புக்குச் சில நாள்தான்.

கடைசியில் மிஞ்சுவது இரும்பு என்றார். அப்பா அதுவரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர் அங்கே நிமிர்ந்தார். இரும்பு எப்படி எரியும் என்று கேட்டார். அதுதான் விஷயம் மாமா, என்று இவர் உற்சாகமானார். இரும்பிலிருந்து சூடு வராது, சூட்டைத்தான் அது தின்னும். எங்கள் ஆலையில் செம்பனைப் பழத்து நாரையும் கொட்டை ஓட்டையும் போட்டு எரித்தால் அடியில் சாம்பல்கட்டி உறைந்து கிடக்கும், அதை என்ன செய்தாலும் எரிக்க முடியாது, அதைப் போலத்தான். நடுவில் இரும்பு சேர்ந்துவிட்டால் உள்ளிருந்து தள்ள ஆள் இல்லை. பூமி அளவு பெரிய நடுப்பகுதி, கண் மூடித் திறப்பதற்குள், கோலசிலாங்கூரிலிருந்து ராவாங் போகிற தூரத்துக்குள் அடங்குகிற உருண்டையாகச் சுருங்கிவிடும். மேலே இருப்பதெல்லாம் அதன்மேல் விழும். விழுந்து மோதி, அந்த வேகத்தில் வெளியே சிதறும். அதைத்தான் வெடித்தது என்கிறார்கள்.

நான் நண்டைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்தது. அதுவரை வந்தவர்கள் எல்லாம் சம்பளத்தையும் நகையையும் பேசினார்கள். இவர் ஒரு பை நண்டோடு வந்து ஆகாயம் எப்படி எரிகிறது என்று சொன்னார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து கிளம்பும்போது, சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டு, பெண்ணின் நட்சத்திரம் திருவாதிரை அல்லவா, அதுவும் இந்த ஜாதிதான், சிவந்த பெரிய நட்சத்திரம், அதுவும் ஒருநாள் இப்படித்தான் வெடிக்கும் என்றார். அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். பெண்ணுக்கு இப்படி ஒரு புகழ்ச்சி சொன்ன ஆள் வேறு யாரும் இருப்பார்களா என்று தெரியவில்லை.

அதே புகழ்ச்சியை அவர் வீட்டிலும் போய்ச் சொல்லியிருக்கிறார். சோறு சாப்பிடும் நேரம், பக்கத்தில் தாய்மாமன். அந்த மாமாவுக்கு வானத்தில் மொத்தம் இருபத்தேழு நட்சத்திரம்தான். அசுவினியில் தொடங்கி ரேவதியில் முடியும். பஞ்சாங்கத்தில் இல்லாத நட்சத்திரம் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. வானொலியில் ஒரு நட்சத்திரம் வெடித்தது என்கிறார்கள். மருமகன் திருவாதிரைதான் வெடிக்கிற ஜாதி என்கிறான். இருபத்தேழில் வேறு எது வெடித்திருக்கும்? அவர் கணக்கில் தப்பே சொல்ல முடியாது.

அடுத்த வாரம் நான் வேலை முடிந்து வரும்போது அந்த மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வைத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். பிறகு அப்பாவிடம் திரும்பி, மிக மரியாதையாகத்தான் சொன்னார்.

“பொண்ணு மேல ஒரு குறையும் சொல்லல. ஆனா நட்சத்திரமே இல்லாமப் போச்சுன்னா நாம எதுக்குப் பொருத்தம் பார்த்தோம்? கொஞ்ச நாள் ஆறப் போடலாம் லா.”

எனக்குத் தலையிலிருந்து கால்வரை எரிந்தது. மூன்றாவது தடவையாக அதே சொல். இந்த இடமும் போனால், நட்சத்திரம் வெடித்த பெண் என்று பெயர் வந்துவிடும். அந்தப் பெயரோடு கோலசிலாங்கூரிலிருந்து பத்தாங் காலிவரை எவன் வருவான்? அதைவிட, எனக்கு அந்தப் பாய்லர்காரர் வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அவர் போன பிறகு அம்மா அழுதார். திருவாதிரை வெடித்ததா இல்லையா என்று வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று நான் கத்தினேன். அன்று மழை. அடுத்த நாளும் மழை. மூன்றாம் நாள் மேகம் விலகியபோது பார்த்தேன். சாயங்கால இருட்டு விழுந்ததும் தலைக்கு நேர் மேலே, வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், சிவப்பாக, திண்ணென்று இருந்தது. எனக்கு அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

என்னை அங்கே கூட்டிப் போங்கள், நானே அவர்களுக்குக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் தானாக மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவதா என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார். அப்பா அம்மாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு வெளியே போய் ஹோண்டாவை உதைத்துக் கிளப்பினார். இன்றுவரை அப்பா எனக்குச் செய்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது அந்த உதையைத்தான்.

சனிக்கிழமை மாலை நாங்கள் ஆலைக் குடியிருப்பில் போய் இறங்கியபோது வானம் முழுக்க மேகம். வரும் வழியெல்லாம் மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப் போயிருந்தது. மாமியார் ஆகப்போகிறவர் வாசலுக்கு வந்து வாங்க என்றார். அதில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அவருடைய அண்ணன், அந்தத் தாய்மாமன், நாற்காலியில் இருந்தபடியே தலையை அசைத்தார். என் பாய்லர்காரர் வேலை உடுப்போடு ஓர் ஓரத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால், தன் வாயைத் தானே தைத்துக்கொள்ள ஊசி தேடுகிறவர் போல் இருந்தது.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. அத்தை, என் நட்சத்திரம் அங்கேயேதான் இருக்கிறது, வந்து உங்கள் கண்ணால் பாருங்கள் என்றேன். அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, மேகமாக இருக்கிறதே என்றார். விலகட்டும், நான் காத்திருக்கிறேன் என்றேன். அந்த வீட்டில் ஒரு மருமகள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

காத்திருந்தோம். பேச ஒன்றும் இல்லை. அப்பா இந்த வருஷம் பழம் எப்படி என்று கேட்டார், மாமா பரவாயில்லை என்றார். இருட்டிய பிறகு கடல் பக்கமிருந்து காற்று வந்தது. வெளியே போய்ப் பார்த்த பாய்லர்காரர், திறக்கிறது, வாருங்கள் என்றார்.

வாசலில் ஆலை விளக்கு கண்ணைக் கூச வைத்தது. அதனால் எல்லோரும் வீட்டுக்குப் பின்னால், செம்பனை தொடங்குகிற இடத்துக்குப் போனோம். நட்சத்திரம் உச்சியில் நின்றது. அத்தைக்குக் கழுத்து வளையாது. சாய்வு நாற்காலியைத் தூக்கி வந்து, அதில் அவரைப் படுக்க வைத்தோம். நான் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூன்று நட்சத்திரத்தைக் காட்டி, அதிலிருந்து கையை மெல்ல நகர்த்தினேன்.

“அந்தச் செவப்பா?”

“அதுதான் அத்தை. அதுதான் திருவாதிரை.”

அவர் வெகு நேரம் பார்த்தார். அதான் நல்லாத்தானே இருக்கு, என்றார் அண்ணனைப் பார்த்து. மாமாவும் நிமிர்ந்து பார்த்தார். வெடித்தது தெற்கே கீழே இருக்கிற வேறொரு நட்சத்திரம், அது பஞ்சாங்கத்திலேயே இல்லை என்று பாய்லர்காரர் விளக்கினார். ஆலைத் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி அதைத் தான் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். அந்த மங்கல் புள்ளியைத்தான் பார்த்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. என் மூச்சு அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அதோடு விட்டிருந்தால் என்ன? என் வீட்டுக்காரருக்கு அரைகுறையாக ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க வராது.

“ஆனா ஒண்ணும்மா. இப்ப நாம பாக்கறது பழைய வெளிச்சம். அங்கேருந்து கெளம்பி நூத்துக்கணக்கான வருஷம் கழிச்சுத்தான் இங்க வருது. இன்னைக்கு அது அங்க இருக்கான்னு கேட்டா, யாராலயும் சொல்ல முடியாது.”

இருட்டு மட்டும் இல்லையென்றால் நான் அவரை எங்கே உதைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மாமா மெல்லத் திரும்பினார். அப்படியென்றால் செத்திருக்கலாம் அல்லவா என்று கேட்டார். இருக்கலாம், என்றார் இவர். பொய் சொல்லத் தெரியாத மனிதனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று, கட்டிக்கொள்ளத்தான் முடியுமா என்று தெரியவில்லை. மாமா தங்கையிடம், பார்த்தாயா புள்ளே, நான் சொன்னது தப்பில்லை, செத்த நட்சத்திரத்துக்குத் தீட்டுத்தானே என்றார். அப்பா என் தோளில் கை வைத்தார். போகலாம் என்று அர்த்தம்.

அத்தை நாற்காலியிலிருந்து எழவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டு மகனைக் கேட்டார்.

“அங்க செத்தா இங்க சேதி வர எத்தனை நாளாகும்?”

“நூத்துக்கணக்குல வருஷம்மா. அந்த வெளிச்சம்தான் சேதி. அது வர்ற வரைக்கும் நமக்குத் தெரியாது.”

அத்தை அண்ணனிடம் பேசினார். எங்களிடம் பேசவில்லை. நாங்கள் அங்கே இருப்பதையே மறந்த மாதிரி இருந்தது.

அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் சித்தப்பாவோடு சேலம் பக்கத்து ஊரிலிருந்து கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அவர்களுடைய அப்பா அங்கேயே தங்கிவிட்டார். சண்டை வந்து, ஜப்பான்காரன் வந்து, கப்பல் நின்றுபோயிற்று. கடுதாசியும் நின்றுபோயிற்று. அந்தக் காலத்தில்தான் அத்தைக்குத் தோட்டத்தில் கல்யாணம் நடந்தது. சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, ஊரிலிருந்து வந்த ஒருவர் தோட்டத் தொழிலாளர் லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் நின்று சொன்னார். உங்கள் அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது என்று.

“என் கல்யாணத்துல தலை நெறைய பூ வச்சிருந்தேன் அண்ணே. அப்பா அங்க சாம்பலாயி எத்தனையோ மாசம். அது தப்பான்னு நான் அழுதப்ப பெரியவங்க என்ன சொன்னாங்க? சேதி வந்தன்னைக்குத்தான் தீட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கோ, அதோட போச்சுன்னாங்க. நீயும்தானே எங்கூட நின்னு ஊத்திக்கிட்ட.”

மாமா ஆகாயத்தை விட்டுத் தரையைப் பார்த்தார்.

“ஊருக்குத்தான் அவரு செத்துட்டாரு. எனக்கு இன்னும் நாலு வருஷம் உசுரோடதான் இருந்தாரு. தீவாளிக்குத் தீவாளி அவரை நெனச்சுத்தான் வெளக்கு ஏத்தினேன். அது பொய்யின்னா என் கல்யாணமே பொய்யி, இவனும் பொய்யி.”

மகனைக் காட்டித்தான் அதைச் சொன்னார். மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொந்தத் தங்கை கல்யாணத்தை நடத்தி வைத்தவரே அவர்தான். அந்த நாலு வருஷத்தைப் பற்றி இரண்டு பேரும் அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அத்தை கையை நீட்டினார். நான் பிடித்து எழுப்பினேன். எழுந்தவர் என் கையை விடவில்லை.

“இந்தப் பொண்ணு நட்சத்திரத்துக்கு இன்னும் சேதி வரல. வராத வரைக்கும் அது உசுரோடதான் இருக்கு. வைகாசியில வச்சிக்கலாம், சம்பந்தி.”

அப்பா தலையைப் பலமாக ஆட்டினார். நான் அழுதேன். வெட்கப்படாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, எல்லோர் முன்னாலும் அழுதேன். மூன்று வருஷமாக, ஆறப் போடுகிறவர்களுக்கெல்லாம் காப்பி ஆற்றிக் கொடுத்து நெஞ்சில் ஏறியிருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. செம்பனை இலையில் காற்று அடித்தது. ஆலையிலிருந்து அந்தப் புளித்த எண்ணெய் வாடை வந்தது. அன்று அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் போகத் திரும்பினோம். அத்தை வாசல்படியில் கால் வைத்தவர் நின்றார். தெற்கே வெடித்த அந்த இன்னொரு நட்சத்திரம் எப்போது செத்தது என்று மகனிடம் கேட்டார். அவர் தயங்கினார். இனி வாயைத் திறந்தால் என்ன ஆகுமோ என்று என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று நானே கண்ணைக் காட்டினேன்.

ஒன்றரை லட்சம் வருஷத்துக்கும் மேலாகிறது, சேதி இப்போதுதான் வந்து சேர்ந்தது என்றார்.

அத்தை அப்படியா என்றார். அத்தனை காலமாக அதற்கென்று யாரும் இல்லையே என்றார். பிறகு கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குழாயடிப் பக்கம் நடந்தார்.

“சேதி கேட்டுட்டோம்ல. வா அண்ணே, நீயும் தலைக்கு ஒரு சொம்பு ஊத்திக்க.”

மாமா சளி பிடிக்கும் என்று முனகினார். முனகிக்கொண்டே தங்கைக்குப் பின்னால் போனார்.